நான் தேடியது மாமியின் கண்ணில் எப்படிப் பட்டது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கலியாணமாகி மூன்று வருடம், குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி வீட்டு லெப்டொப்பில் இரண்டு மூன்று இரவு தேடியிருக்கிறார். அடுத்த வாரம் மாமி அதே லெப்டொப்பில் செய்தி வாசிக்க, பக்கமெல்லாம் சிகிச்சை நிலைய விளம்பரங்கள். "ஹிஸ்ட்ரியை அழித்துவிட்டேனே, குக்கீயையும் அழித்தால் போதுமா?"

நீங்கள் பிழை எதுவும் செய்யவில்லை. ஹிஸ்ட்ரி என்பது எந்தெந்தப் பக்கம் போனீர்கள் என்ற குறிப்பு, அவ்வளவுதான். குக்கீ வேறு. ஒரு தளம் உங்கள் பிரவுசரில் வைத்துவிட்டுப் போகும் சின்னக் கோப்பு, பெரும்பாலும் அதற்குள் ஒரு நீண்ட எண் இருக்கும். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி இதைக் கொண்டுவந்தபோது நோக்கம் நல்லதுதான், கடைத் தளத்தில் கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கம் போனதும் காணாமல் போகக்கூடாது. சிக்கல் வெளியாரின் குக்கீயில்தான். நீங்கள் பார்த்த மருத்துவப் பக்கத்தில் ஏதோ ஒரு விளம்பர நிறுவனமும் தன் எண்ணை வைத்திருக்கும், மாமி திறந்த செய்தித் தளத்திலும் அதே நிறுவனம் இருந்தால், எண்ணைப் பார்த்து போன வாரம் வந்த ஆள்தான் இது என்று முடிவு கட்டிவிடும். நீங்கள் யார், மாமி யார் என்று அதற்குத் தெரியாது, ஒரே பிரவுசர் என்றால் ஒரே ஆள்.

சரி, குக்கீயை அழித்தால் அந்த எண் போய்விடும். ஆனால் கூகுள் கணக்கில் நுழைந்தபடி தேடியிருந்தால் தேடல் உங்கள் கணக்கிலும் பதிவாகியிருக்கும், லெப்டொப்பில் எதை அழித்தாலும் அது அசையாது. கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் போய் அந்த நாட்களை அழியுங்கள். அப்புறம் 'மை ஆட் சென்டர்' என்று ஒன்று இருக்கிறது, அதில் கர்ப்பம், பிள்ளை வளர்ப்பு பற்றிய விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லித் தனியாகவே ஒரு தெரிவு உண்டு. உங்கள் நிலைமையில் நான் முதலில் தொடுவது அதைத்தான்.

குரோமில் வெளியார் குக்கீயை நீங்களாகத்தான் தடுக்க வேண்டும். எல்லாருக்கும் நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த கூகுள் 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி'க்குள் போனால் அந்த இடம் கிடைக்கும். சஃபாரி 2020 முதல் தானாகவே தடுக்கிறது, ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. குக்கீக்கு அனுமதி கேட்டு வரும் பெட்டியில் 'ரிஜெக்ட் ஓல்' இருந்தால் தயங்காமல் அதையே அழுத்துங்கள், தளம் வழக்கம்போல வேலை செய்யும்.

குரோமில் ஹிஸ்ட்ரி பதியாமல் தேடத் திறக்கும் தனி ஜன்னலான இன்கொக்னிட்டோவை நிறையப் பேர் பெரிய மறைப்பு என்று நம்புகிறார்கள். ஜன்னலை மூடியதும் அதில் சேர்ந்த குக்கீயும் ஹிஸ்ட்ரியும் போய்விடும், வீட்டாரிடமிருந்து மறைக்க அது உதவும். ஆனால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியும், உள்ளே கூகுள் கணக்கில் நுழைந்தால் தேடல் பழையபடி பதிவாகும்.

உடல்நலத் தகவலை விசேட வகையாக வைத்துக் காக்கச் சொல்கிறது எங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். இன்றிரவே லெப்டொப்பில் உங்களுக்கென்று கடவுச்சொல்லோடு ஒரு தனி யூசர் கணக்குத் திறங்கள். மாமிக்கும் ஒன்று திறந்து, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள்.