‘போயர் போர்’ ரிவால்வரும் ரசீதில் எழுத மறுத்த வியாபாரியும்

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரிவால்வர்களைப் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறேன்; அடுத்த வாரம் வழக்கம்போல் குளிர்சாதனப்பெட்டிக் கேள்விகளுக்கே திரும்பிவிடலாம்.

கேள்வி: லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் செயலிழக்கச் செய்யப்பட்ட, வெப்லி நிறுவனத்தின் மார்க் 4 ரிவால்வர் வாங்கினேன். போயர் போரில் ஓர் அதிகாரி இடுப்பில் இருந்தது என்றார் கடைக்காரர். அதில் ‘.38’ என்றும் ‘வார் ஃபினிஷ்’ என்றும் பொறித்திருக்கிறது. நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். ஏன்?

பதில்: நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போர் 1899 முதல் 1902 வரை நடந்தது. உங்கள் கையில் இருப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு.

குழப்பத்துக்குக் காரணம் ஒரே பெயரில் இரண்டு துப்பாக்கிகள் இருப்பது. 1899இல் ராணுவம் ஏற்ற வெப்லி மார்க் 4 (மார்க் என்பது வடிவத்தின் வரிசை எண்), .455 அங்குல அளவுத் தோட்டாவுக்கானது. ‘போயர் போர் மாடல்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது அதைத்தான். அதே நிறுவனம் முதல் உலகப் போருக்குப் பிறகு .38 அளவில் சிறிய ரிவால்வர் ஒன்றை வடிவமைத்து, அதற்கும் மார்க் 4 என்றே பெயர் வைத்தது. பெயரிட்டவர்களுக்கு நூறு ஆண்டு கழித்து வாங்கப்போகிறவரின் கவலை இருந்திருக்க நியாயமில்லை.

அந்தச் சிறிய மார்க் 4இன் கதை போயர் போர்க் கட்டுக்கதையைவிடச் சுவையானது. ராணுவம் .38க்கு மாற முடிவு செய்ததும் வெப்லி தன் வடிவத்தைக் கொடுத்தது. அரசோ அதைத் தழுவி, தன் என்ஃபீல்டு ஆலையிலேயே ஒரு ரிவால்வரைச் செய்து, 1932இல் ‘எண் 2 மார்க் 1’ என்று ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சிச் செலவுக்கு 2,250 பவுண்டு வேண்டும் என்று வெப்லி வழக்காடியது. கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் கடைசியில் 1,250 பவுண்டு கொடுத்தது. பிறகு போர் வந்தது, என்ஃபீல்டு செய்தது போதவில்லை. வேண்டாம் என்று தள்ளிய வெப்லியிடமே அரசு திரும்பப் போய் ரிவால்வர் வாங்கியது. அவசரத்தில் மெருகேற்ற நேரமில்லை என்பதால், கரடுமுரடான மேற்பரப்புக்குத் தான் பொறுப்பல்ல என்பதுபோல நிறுவனம் பொறித்த சொற்கள்தாம் ‘வார் ஃபினிஷ்’. உங்கள் ரிவால்வர் மோசமான பொருளல்ல. நீங்கள் கொடுத்த விலைதான் வேறு பொருளுக்கானது.

பணம் திரும்பக் கிடைக்குமா? விற்றவர் வியாபாரி. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். பொதுவாக 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் ‘போயர் போர்’ என்று இருந்தால் உங்கள் கை ஓங்கும். ‘பழைய ரிவால்வர், 1’ என்று மட்டும் இருந்தால் வாய்ச்சொல்லை நிரூபிக்கும் பாடு உங்களுடையது. இனி எங்கே வாங்கினாலும், கதை சொல்கிறவரிடம் அந்தக் கதையை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போர்க்களத்தை வர்ணித்த ஒருவர், பேனாவைக் கண்டதும் “அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்று இறங்கி வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெப்லி ரிவால்வரை மேசையில் வைத்துக் காட்டும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்? எந்த மார்க் என்று பார்த்ததும் தெரியுமா?

பதில்: முதலில் கைப்பிடியைப் பாருங்கள். அடிப்பக்கம் பறவைத் தலைபோல வளைந்து முடிந்தால் மார்க் 5 அல்லது அதற்கு முந்தையதாக இருக்கலாம். சதுரமாக வெட்டியதுபோல இருந்தால் மார்க் 6. குழல் நீளமும் உதவும்: மார்க் 6க்கு ஆறு அங்குலம், முந்தைய ராணுவ மார்க்குகளுக்குப் பொதுவாக நான்கு. வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மார்க் 1, 1887; மார்க் 4, 1899; மார்க் 5, 1913; மார்க் 6, 1915. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் புழங்கியதாகப் படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி மார்க்தான்.

அடுத்து முத்திரைகள். காக்கைக் கால்போல மூன்று கோடுகள் கூடும் அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், அரசு அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். அம்பே இல்லையென்றால் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். ராணுவத் தோட்டாவைச் சுட்டால் போதும். அப்படி வாங்கியவற்றில் விற்ற கடையின் பெயர் பொறித்திருக்கும். ‘ஆர்மி அண்ட் நேவி’ கூட்டுறவுக் கடையின் எழுத்துகள் அடிக்கடி கண்ணில் படும். இவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

பிறகு எண்கள். ரிவால்வரின் உடலில் உள்ள வரிசை எண்ணும், தோட்டாக்களை இடும் சுழல் உருளையான சிலிண்டரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நான் கட்டணம் கட்டித்தான் விடை கற்றேன். முதன்முதலாக வாங்கிய மார்க் 6 நீலக்கருப்பில் பளபளவென்று இருந்தது. ‘இந்த வயதில் இவ்வளவு புதுமையா’ என்று மகிழ்ந்து, விற்றவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது உடலில் ஓர் எண், சிலிண்டரில் வேறோர் எண். போதாததற்கு, முத்திரைகளின் ஓரங்கள் சோப்புக்கட்டியில் தேய்ந்த எழுத்துபோல மழுங்கியிருந்தன. யாரோ துருவைச் சாணை பிடித்துத் தேய்த்துவிட்டு, மறுபடி வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பளபளப்புதான் என்னை ஏமாற்றியது. பழுப்பேறி, உறையில் உரசிய இடம் மட்டும் வெளுத்து, எழுத்துகள் கூர்மையாக இருக்கும் ரிவால்வர் இதைவிட மேல்.

என்ஃபீல்டு எண் 2 என்றால், பின்பக்கம் இருந்து தோட்டாவைத் தட்டும் சுத்தியலையும் பாருங்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது, கட்டைவிரலால் இழுக்கும் சுத்தியலின் கொம்பு சிக்கிக்கொள்கிறது என்பதால் 1938இல் கொம்பில்லாத வடிவம் வந்தது. அதன் பெயரில் மார்க் 1க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். கொம்பு இல்லாததை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று விலை குறைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கேள்வி: 1916ஆம் ஆண்டு பொறித்த மார்க் 6. நூறு வயதைத் தாண்டிவிட்டது. பிரிட்டனில் பழம்பொருள் என்ற பெயரில் உரிமமில்லாமல், சுடும் நிலையிலேயே வாங்கலாமா?

பதில்: கூடாது. வயதை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. 2021ஆம் ஆண்டு பழம்பொருள் துப்பாக்கி விதிகளின்படி, 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். அதோடு, அது சுடும் தோட்டா வழக்கொழிந்தவற்றின் பட்டியலிலோ, மருந்தைப் பற்றவைக்கும் முறை பழைய வகைகளிலோ இருக்க வேண்டும். வைத்திருப்பதும் அழகுக்காகவோ அரும்பொருளாகவோதான். .455 அந்தப் பட்டியலில் இல்லை. சுடும் நிலையிலுள்ள மார்க் 6, 1997ஆம் ஆண்டுச் சட்டங்களின் கைத்துப்பாக்கித் தடைக்குள் வரும். வரலாற்று மதிப்புக்காக அதில் உள்ள விலக்குக்கும் காவல்துறையின் சான்றிதழ் தேவை. இது சிறைக்குப் போகும் விஷயம்; விற்பவரின் பேச்சை நம்பாதீர்கள்.

பெரும்பாலானோர் வாங்குவது செயலிழந்ததைத்தான். அதற்குத் துப்பாக்கிகளைச் சோதிக்கும் மன்றத்தின் (‘புரூஃப் ஹவுஸ்’) சான்றிதழ் இருக்க வேண்டும். சான்றிதழிலுள்ள எண்ணும் துப்பாக்கியிலுள்ள எண்ணும் பொருந்த வேண்டும். பழைய முறையில் செயலிழக்கச் செய்ததில் சிலிண்டர் சுழலும், குழல் மடங்கும். அது ஆசையைத் தூண்டும். ஆனால் 2016இல் வந்த புதிய தரத்துக்கு உயர்த்தாமல் அவற்றை விற்பதும் பரிசளிப்பதும் பொதுவாகக் குற்றம். கைமாற்றத்தை உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

செயலிழக்காத ராணுவ ரிவால்வர்தான் வேண்டும் என்றால், ஒரு தலைமுறை முன்னால் போங்கள். 1856ஆம் ஆண்டு பியூமாண்ட்-ஆடம்ஸ் ஐந்து அறை கொண்டது. மருந்தையும் குண்டையும் தனித்தனியாக இட்டு, தட்டினால் பற்றும் சிறு தொப்பி வைத்துச் சுடும் பழைய முறை. வாங்குமுன் உள்ளூர்க் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். ஒரு மார்க் 6 மலிவாகக் கிடைக்கிறது. ‘.45 ஆட்டோமேட்டிக் தோட்டாவும் போடலாம், கூடுதல் வசதி’ என்கிறார் விற்பவர்.

பதில்: அவர் வசதி என்று சொல்வதுதான் குறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏராளமான வெப்லிகள் அமெரிக்காவில் கழிவு விலைக்கு வந்தன. .455 தோட்டா கிடைக்கவில்லை, .45 எங்கும் கிடைத்தது. அதனால் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, அரைவட்டத் தகட்டில் கோத்த .45 தோட்டாக்கள் பொருந்தும்படி செய்தார்கள். சீவியதைப் பழையபடி ஆக்க முடியாது. சேகரிப்பாளர் மதிப்பு அங்கேயே போய்விட்டது. அதைவிட முக்கியம்: வழக்கமான .45 தோட்டாவின் அழுத்தம், வெப்லியைச் சோதித்த அழுத்தத்தையே மீறக்கூடியது. சுடும் எண்ணம் இருந்தால் வாங்க வேண்டாம். அலமாரியில் வைக்கத்தான் என்றால் அந்தக் குறைக்கேற்ற விலையைக் கேளுங்கள். உங்கள் நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்ததுதான் பழம்பொருள்; மார்க் 6க்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கேள்வி: திருச்சியில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் .455 வெப்லி ஒன்று கிடைத்தது. துருப்பிடித்திருக்கிறது. உரிமக் காகிதம் எதுவும் இல்லை. லண்டனில் உள்ள அண்ணனுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். துருவைச் சுரண்டவும் வேண்டாம். .380, .455 ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்கள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்த்தாலும் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே. துருப்பிடித்திருப்பது அந்த நிலையா என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் மூலம் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். நூறு ஆண்டைத் தாண்டியது என்று தெரியவந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கேள்வி: செயலிழந்த வெப்லியை அதன் பழைய தோல் உறையிலேயே வைத்திருக்கலாமா? அழகாக இருக்கிறது.

பதில்: விருந்தாளி வரும்போது மட்டும் வையுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். மற்ற நாளில் லேசாக எண்ணெய் தடவி, தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.