ஏலி ஏன் திட்டவில்லை?

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் முதல் பாடவேளை வேதபாடம். ஆண்டு முடிவில் அதற்கொரு தேர்வும் உண்டு, வசனம் ஒப்பிப்பவர்களுக்குப் பரிசும் உண்டு. என் பிள்ளைகள் முப்பது வசனங்களை மூச்சுவிடாமல் சொல்வார்கள். மணி அடித்ததும் அதே வாயால் ஒருவனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களிடம் எதுவரை பேசலாம் என்பதிலும் எனக்குக் குழப்பம். பிள்ளைகளின் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு என்ன செய்தீர்கள் என்று ஆண்டறிக்கைக்கு எழுதித் தரச் சொல்கிறார் தாளாளர். ஒப்பித்த வசனங்களின் எண்ணிக்கையை எழுதிவிடலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

எண்ணிக்கையைத் தாராளமாக எழுதிக் கொடுங்கள். அறிக்கைக்கு அது போதும். அதற்கு மேல் எழுதினால் தாளாளருக்கும் படிக்க நேரம் இருக்காது.

மனப்பாடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோனது, 23ஆம் சங்கீதம் மட்டும் மறக்கவில்லை. பத்து வயதுக்குள் நெஞ்சில் ஏறியது அது. பொருள் புரிந்த பிறகுதான் படிக்க வேண்டும் என்று யாராவது காத்திருக்க வைத்திருந்தால் அந்தக் கடைசி மாதங்களில் அவருக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. வசனத்தோடு மதிப்பெண்ணையும் எவர்சில்வர் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அதைவிட மோசம், பென்சில் காணாமல்போன அன்று "இயேசப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார், எடுத்தவன் கொடுத்துவிடு" என்று மிரட்டுவது. பென்சில் கிடைத்துவிடும், உண்மைதான். கடவுள் என்றாலே வகுப்பு மூலையில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா என்ற நினைப்பும் கூடவே தங்கிவிடும்.

ஒரு கிராமத்துப் பள்ளியில் சாமுவேல் கதை சொல்லப்பட்டபோது பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆலயத்தில் படுத்திருக்கும் சிறுவன் சாமுவேலை இரவில் கடவுளின் குரல் கூப்பிடுகிறது. கிழவரான ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணி மூன்று முறை எழுந்து ஓடுகிறான். அந்த டீச்சர் கதையை முடித்துவிட்டு, "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று ஆரம்பிக்காமல் சும்மா நின்றார். சற்று நேரம் கழித்து ஒரு பையன் கேட்டான்: "மூன்று தடவை தூக்கத்தைக் கெடுத்தானே, ஏலி ஏன் திட்டவில்லை?" தூக்கத்தில் எழுப்பினால் அடி விழும் வீட்டிலிருந்து வந்தவனாக இருக்க வேண்டும். டீச்சர் பதில் சொல்லவில்லை, வகுப்பையே கேட்டார். "தாத்தாவுக்குக் கண் தெரியாது, அதனால் கோபம் வராது" என்றாள் ஒருத்தி. "அவருக்கும் அந்தக் குரல் கேட்க ஆசையாக இருந்திருக்கும்" என்றான் இன்னொருவன். அவன் நெற்றியில் திருநீறு இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் இந்த விளக்கம் வந்ததில்லை.

இப்படிச் சொல்லிவிட்டு விலகி நிற்பதை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் உண்டு. 1954இல் ரோமில் சோஃபியா கவலெத்தி என்ற எபிரேய மொழி அறிஞரும், மாண்டிசோரி அம்மையாரிடம் பணியாற்றிய ஜியான்னா கோபியும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினார்கள். நல்ல மேய்ப்பன் உவமையைச் சில வரிகளில் சொல்வார்கள். சிறு மேய்ப்பன் உருவத்தையும் ஆட்டு உருவங்களையும் பிள்ளையின் முன் வைப்பார்கள். அந்த ஆடுகள் யார் என்று பெரியவர் சொல்லக்கூடாது, பிள்ளையே கண்டுகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். மாண்டிசோரி அம்மையார் 1939இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அப்படியிருந்தும் நம் வேதபாட வகுப்புகளுக்குள் அந்தக் காற்று அதிகம் வீசவில்லை.

உங்கள் இரண்டாவது குழப்பத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, சிறுவர்களானால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசமைப்பின் 28(3)ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்வி, நன்னெறி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அது முடியாத பள்ளியில் கைகூப்பாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அப்படியே விடுங்கள். "எங்கள் ஆடு நல்லபடியாகக் குட்டி போட வேண்டும்" என்று ஒரு பிள்ளை வேண்டினால், எந்தச் சாமியிடம் என்று விசாரிக்க வேண்டாம்.

இனி, சாதிப் பெயர். ஞாயிறு பள்ளியில் சாமுவேல் கதையை, அவன் கடவுளிடம் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்பதோடு நிறுத்திவிடுவோம். அந்த அதிகாரம் அங்கே முடியவில்லை. அந்த இரவில் சிறுவன் கேட்டது ஆறுதல் வார்த்தை ஒன்றுமில்லை, ஏலியின் வீட்டின்மேல் வந்த தீர்ப்பு. தன் மகன்கள் செய்த அக்கிரமத்தைத் தெரிந்திருந்தும் ஏலி அவர்களை அடக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. காலையில் அதைச் சொல்லச் சிறுவன் பயப்படுகிறான். ஒன்றையும் மறைக்காதே என்கிறார் ஏலி. கேட்டுவிட்டு, அவர் கர்த்தர், தமக்கு நலமானதைச் செய்வாராக என்கிறார்.

ஒரு பிள்ளையின் ஆவிக்குரிய வளர்ச்சி என்று நான் புரிந்துகொள்வது இந்த இரண்டாம் பாதியைத்தான். பெரியவர்கள் மழுப்பும் ஒன்றை அது முகத்துக்கு நேரே சொல்லும். அன்றைக்கு அதன் வாயை அடைக்காத பள்ளி வேண்டும். நம் சபைகளுக்கு இதில் நல்ல பெயர் இல்லை. ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரக்கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியது 1833இல். அதை எதிர்த்துத் தஞ்சாவூர் சபையே கொதித்தெழுந்தது. பள்ளிக்கூடச் சாதிச் சண்டைகளைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும், மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. இடையில் 191 ஆண்டுகள். இவ்வளவு காலம் வேதபாடம் நடந்துகொண்டேதான் இருந்தது.

ஆகவே திட்டிய பையனை முட்டிபோட வைத்து இன்னொரு வசனம் எழுதச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவன் கண்டுபிடித்ததில்லை, வீட்டுத் திண்ணையில் கேட்டது. திட்டு வாங்கியவனை முதலில் விசாரியுங்கள், எல்லோர் முன்னிலும். மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் அறையில் யாருக்குத் தனி டம்ளர் என்பதையும் பார்த்துவிடுங்கள்; பிள்ளைகள் அதை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

சாமுவேல் கதையை ஒருமுறை முழு அதிகாரமாகவே சொல்லிப் பாருங்கள். "ஏலி ஏன் தன் பிள்ளைகளை அடக்கவில்லை?" என்று யாராவது கேட்டால், அவர்கள் சொன்ன பதில்களை எனக்கு எழுதுங்கள். தாளாளருக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.