‘தி ஃபுல் மான்ட்டி’ படத்தை நிஜமாகவே ஷெஃபீல்டில்தான் எடுத்தார்களா, இல்லை செட்டா?

இங்கிலாந்தின் இரும்பாலை நகரமான ஷெஃபீல்டிலேயேதான். மதுரைக் கதை என்று சொல்லிவிட்டு சென்னையில் செட் போடுகிற வேலை இதில் இல்லை. மதுரையில் மில்காரர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவன் என்பதால் இந்தப் படத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நோண்டியிருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்கு: இரும்பாலைகள் மூடிய ஊரில் வேலையில்லாத ஆறு பேர், பணத்துக்காக மேடையில் உடை களைந்து ஆடத் துணிகிறார்கள். 1997-ல் வந்தது. இயக்கம் பீட்டர் கட்டானியோ, எழுத்து சைமன் பியூஃபாய். நம் ஆட்களுக்கு இன்னொரு அடையாளம் சொன்னால் சட்டென்று புரியும்: ரஹ்மான் ஆஸ்கர் வாங்கிய அதே இரவில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைக்கதைக்கு வாங்கினாரே, அந்த பியூஃபாய்தான்.

படம் தொடங்குவது பழைய விளம்பரப் படம் ஒன்றில். அதை யாரும் படத்துக்காக எடுக்கவில்லை, ஷெஃபீல்டைப் பெருமையாகக் காட்ட 1970-களின் தொடக்கத்தில் எடுத்த அசல் படம்தான். உலை எரிகிறது, கடைவீதி ஜொலிக்கிறது, ஊர் எங்கேயோ போகப்போகிறது என்று குரல் சொல்கிறது. உடனே ‘25 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்து வர, ஆளில்லாத ஆலைக்குள் ரெண்டு பேர் ஒரு இரும்பு உத்தரத்தைத் திருடிக்கொண்டு இருப்பார்கள், கூடவே ஒரு சின்னப் பையன். படத்தின் முதல் நகைச்சுவையே அந்த வெட்டுதான். வசனமே தேவைப்படவில்லை.

அப்புறம் மூழ்கும் காரின் கூரையில் நிற்கிற காட்சி. ஷெஃபீல்டிலிருந்து டின்ஸ்லிக்குப் போகும் கால்வாயில், பேக்கன் லேன் பாலத்துப் பக்கம் எடுத்தது. ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றிய கால்வாய் அது. கரையோரம் நடைபாதை இருக்கிறது, போனால் நடந்தே பார்க்கலாம். அந்தப் பகுதியின் கதையும் படத்தோடு ஒட்டியதுதான். ஹேட்ஃபீல்ட்ஸ் என்ற பெரிய இரும்பாலை இருந்த இடத்தில் 1990-ல் மெடோஹால் என்று ஒரு ஷாப்பிங் மால் திறந்துவிட்டார்கள்.

கடைசி ஆட்டம் ஷயர்கிரீன் தொழிலாளர் மன்றத்தில். நம்மூர் மில் மனமகிழ் மன்றம் மாதிரி, ஆனால் பீரும் மேடையும் உண்டு. சுமார் 400 பேரை உட்காரவைத்து, நடிகர்கள் முழுசாகக் களைகிற அந்தக் கட்டத்தை ஒரே டேக்கில் முடித்தார்கள். கூட்டத்தின் கத்தலில் பாதி நடிப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செலவு சுமார் 35 லட்சம் டாலர்தான். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறை. உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட நாலு பரிந்துரை, கிடைத்தது ஆன் டட்லியின் இசைக்கு மட்டும். ஆனால் பிரிட்டனின் பாஃப்டாவில் ‘டைட்டானிக்’கையே தோற்கடித்துச் சிறந்த படம் ஆனது, இதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள்.

நடிகர்களில் ராபர்ட் கார்லைல் ஸ்காட்லாந்துக்காரர். குண்டு டேவாக வரும் மார்க் ஆடியை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ராஜா ராபர்ட்டாகப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது டாம் வில்கின்சன். வேலை போனதை ஆறு மாதம் மனைவியிடம் மறைத்து, தினம் காலையில் டை கட்டிக் கிளம்பிப் போகிற முன்னாள் ஃபோர்மேன். எங்கள் தெருவிலும் மில் மூடிய பிறகு டிபன் பாக்ஸோடு கிளம்பிய ஒரு மாமா இருந்தார், ரொம்ப நாள் கழித்துத்தான் அத்தைக்கே தெரிந்தது. அதனால் எல்லாரும் சிரிக்கிற அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வராது; உதவித்தொகை வரிசையில் நிற்கும்போது பாட்டு கேட்டுத் தன்னையறியாமல் இடுப்பை ஆட்டுவார்களே, அங்கேதான் வெடித்துச் சிரிப்பேன்.

சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், யார்க்ஷயர் பேச்சு சுலபத்தில் பிடிபடாது. குழந்தைகளோடு வேண்டாம். கடைசிக் காட்சியில் பின்பக்கம்தான் காட்டுகிறார்கள், அதனால் பிரச்சினை அதில்லை, படம் முழுக்க வரும் கெட்ட வார்த்தைகள்தான்.