வாசகர் கேள்வி பதில்: நேரமில்லாத வீட்டில் நல்ல பழக்கங்கள்

கேள்வி: கொட்டகலையில் ஒரு தோட்டத்தில் வசிக்கும் நான், ஹட்டன் நகரில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்திவிட்டு பஸ் ஏறினால், வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. கொழுந்து பறிக்கும் மாமிக்கு இரத்தச்சோகை என்று கிளினிக்கில் கூறி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் எந்நேரமும் களைப்பாகவே இருக்கிறது. உடற்பயிற்சிக்கென நேரம் ஒதுக்க இயலாத நாங்கள் எதிலிருந்து தொடங்குவது, டாக்டர்?
- வாசகி, கொட்டகலை

பதில்: புதிதாக ஒரு வேலையை உங்கள் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை, சகோதரி. எவ்வளவு அவசரமான நாளிலும் உங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது தேத்தண்ணி குடிப்பதுதான். அதன் நேரத்தையும் சீனியையும் மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.

தேயிலையிலுள்ள தனின் முதலான பொருட்கள், பருப்பு, கீரை போன்ற தாவர உணவுகளின் இரும்புச்சத்தோடு குடலில் பிணைந்து, அது இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஆகவே ரொட்டியும் பருப்புக் கறியும் உண்ணும்போதே தேநீரும் குடித்தால், மாமிக்குச் சேரவேண்டிய இரும்பில் கணிசமான பகுதி வீணாகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தடை வெகுவாகக் குறையும். இதற்குச் செலவும் இல்லை, தனியாக நேரமும் தேவையில்லை. தேசிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள விற்றமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும். சூட்டில் அது அழிவதால், வல்லாரைச் சம்பலிலோ, அடுப்பை விட்டு இறக்கிய பின் கறியிலோ தேசிக்காய் பிழியுங்கள். கறியில் கொஞ்சம் நெத்தலி சேர்ந்தாலும் நல்லது. மாமி இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்கட்டும்.

சீனியையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம்; இரண்டு கரண்டி வீதம் ஆறு கோப்பை குடித்தால் 48 கிராம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் உச்ச அளவான 50 கிராமை இது ஏறத்தாழ எட்டிவிடுகிறது. 25 கிராமுக்குள் இருப்பதே சிறப்பு என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. ஒரேயடியாக நிறுத்தாமல், அரைக் கரண்டி குறைத்து, நாக்கு பழகிய பின் அடுத்த அரைக் கரண்டியைக் குறையுங்கள்.

உடற்பயிற்சி உங்களுக்குத்தான் வேண்டும், மாமிக்கு அன்று. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைச் சிறு சிறு துண்டுகளாகவும் சேர்க்கலாம் என்பதால், மதிய இடைவேளையில் நகரத்துக்குள்ளேயே விறுவிறுப்பாக நடந்து வாருங்கள். நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கிச் சுமை தூக்குபவருக்கு ஓய்வும் தண்ணீரும்தான் தேவை. கொழுந்து பறிக்கும் மலையில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரைத் தவிர்த்து, அதனால் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகின்றனர். இது அவர்களுடைய குற்றமன்று. கழிப்பறை அமைத்துத் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதுவரை, வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னுமாவது மாமி போதிய தண்ணீர் குடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் களைப்பை வேலைப்பளு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை; மலைநாட்டின் உயரத்தில் அந்த எல்லை இன்னும் சற்றுக் கூடும். இந்த மாதமே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 35 வயதைக் கடந்திருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக் (பெண்களின் நோய்களை முன்கூட்டியே கண்டறியும் கிளினிக்) நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து, இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சோதித்துக்கொள்ளுங்கள். மாமியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.