கம்பைலர் எழுதிய பெயரைப் படிப்பது: சி பிளஸ் பிளஸ் ஃபில்ட் கேள்வி பதில்

சி பிளஸ் பிளஸ் நிரலைக் கம்பைல் செய்து முடித்ததும், நாம் வைத்த பெயர்கள் ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள் வேறு உருவத்தில் கிடக்கும். இதைத்தான் மேங்கிள் ஆன பெயர் என்கிறோம். அதைத் திரும்பப் படிக்கும்படி ஆக்கித் தருவது, அதாவது டிமேங்கிள் செய்வது, சி பிளஸ் பிளஸ் ஃபில்ட் (c++filt) என்ற சின்னக் கருவி. குனூ பின்யூட்டில்ஸ் தொகுப்பில் வருகிறது. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் போட்டிருந்தால் பெரும்பாலும் இதுவும் கூடவே இருக்கும். இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அக்கா, நான் வைத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாமல் கம்பைலர் ஏன் இப்படிக் குழப்புகிறது?

ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்குப் பெயர் ஒன்றுதான் தெரியும், டைப் தெரியாது. நீங்கள் ‘கூட்டு’ என்று இரண்டு ஃபங்ஷன் எழுதுகிறீர்கள், ஒன்று இரண்டு இன்ட் வாங்குகிறது, இன்னொன்று இரண்டு டபுள் வாங்குகிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே பெயரில் ஆப்ஜெக்ட் ஃபைலுக்குப் போனால் எதை எடுப்பது? அதனால் கம்பைலர் டைப்பையும் பெயரோடு சேர்த்தே எழுதிவிடுகிறது.

முதல் ஃபங்ஷனின் பெயரை இடமிருந்து வலம் படித்துப் பாருங்கள். முதலில் ஓர் அடிக்கோடு, அதை ஒட்டிப் பெரிய எழுத்து இசட். ‘இது மேங்கிள் ஆன பெயர்’ என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு 18 என்ற எண், பிறகு ‘கூட்டு’, கடைசியில் இரண்டு சின்ன ஐ. ஒரு ஐ என்றால் ஓர் இன்ட். டபுள் என்றால் அந்த இடத்தில் இரண்டு டி இருக்கும். பாயின்டருக்கு பி, ரெஃபரன்ஸுக்கு ஆர், கான்ஸ்டுக்கு கே, மூன்றும் பெரிய எழுத்து. இந்த ஐந்தாறு எழுத்தைப் பழகிக்கொண்டால் பாதிப் பெயர்களைக் கருவி இல்லாமலே படித்துவிடலாம்.

இந்த விதிகள் இன்டெலின் இட்டேனியம் பிராசஸருக்காக எழுதப்பட்ட ஏபிஐயிலிருந்து (கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான விதித்தொகுப்பு) வந்தவை. ஜிசிசி 2001-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இவற்றைப் பின்பற்றுகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் கிளாங் கம்பைலரும் இதே வழிதான்.

கேள்வி: ‘கூட்டு’ மூன்றெழுத்துதானே? 18 எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்த எண் எழுத்தின் எண்ணிக்கை இல்லை, பைட்டின் எண்ணிக்கை. க, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, உகாரக் குறி என்று யூனிகோடில் ஆறு குறிகள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆறு மூன்று பதினெட்டு.

தமிழில் பெயர் வைப்பதை ஜிசிசி 10-ஆம் பதிப்பிலிருந்து நேரடியாகவே ஏற்கிறது. ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். ‘கொ’ என்பதை ஒகரக் குறி போட்டும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். லிங்கருக்கு இவை இரண்டு வேறு பெயர்கள்! இப்படிப் பிரித்து எழுதினால் ஜிசிசி எச்சரிக்கை தரும், அதைத் தள்ளிவிடாதீர்கள். டிமேங்கிள் செய்து பார்த்தாலும் வித்தியாசம் கண்ணில் படாது, மேங்கிள் ஆன பெயரிலுள்ள எண்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சி-யில் எழுதிய பழைய லைப்ரரி ஒன்றை இணைக்கிறேன். ஃபங்ஷன் அதற்குள் இருக்கிறது, ஆனாலும் ‘அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்கிறது. மூன்று நாளாகப் போராடுகிறேன்.

எரரில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியும் அதற்குள் டைப்பும் இருக்கிறதா? இருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. லிங்கர் தானே டிமேங்கிள் செய்து காட்டுகிறது. அப்படியானால் அது தேடுவது மேங்கிள் ஆன பெயரை. அந்த லைப்ரரிமேல் என்எம் (ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் கருவி) ஓட்டிப் பாருங்கள், பெயர் வெறுமையாக நிற்கும். சி கம்பைலர் டைப்பைச் சேர்ப்பதில்லை. ஹெடரை, பெயரை மேங்கிள் செய்யாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் எக்ஸ்டெர்ன் "சி" என்ற அடைப்புக்குள் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: நிரல் ஓடும்போது லைப்ரரியில் பெயரைத் தேடித் தரும் டிஎல்சிம்முக்கு மேங்கிள் ஆன பெயரையே எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் ஓடுகிறது, 32 பிட் போர்டில் கிடைக்கவில்லை.

உங்கள் ஃபங்ஷன் சைஸ்_டி வாங்குகிறதா? 64 பிட் லினக்ஸில் அது அன்சைன்ட் லாங், எழுத்து எம். 32 பிட் போர்டுகளில் பெரும்பாலும் அன்சைன்ட் இன்ட், எழுத்து ஜே. பெயரே மாறிப்போகிறது. பெயரைக் கையால் எழுதுவதை விட்டுவிட்டு, வெளியே கொடுக்கும் ஃபங்ஷனை எக்ஸ்டெர்ன் "சி" ஆக்குங்கள்.

கேள்வி: ஸ்ட்ரிங் வாங்கும் ஃபங்ஷனில் மட்டும் லிங்க் எரர். டிமேங்கிள் செய்தால் நடுவில் சிஎக்ஸ்எக்ஸ்11 என்று ஏதோ வருகிறது. அது நான் எழுதியதே இல்லை.

நீங்கள் எழுதவில்லைதான். 2015-இல் வந்த ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங்கின் உள் அமைப்பு மாறியது. பழைய ஸ்ட்ரிங்கும் புதியதும் தவறாகக் கலந்துவிடக் கூடாது என்று புதியதை அந்தப் பெயருள்ள உள் நேம்ஸ்பேஸுக்குள் வைத்தார்கள். உங்கள் நிரல் புதிய ஸ்ட்ரிங்கோடும் லைப்ரரி பழையதோடும் கம்பைல் ஆகியிருக்கும். லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்வதுதான் நல்ல வழி. அதன் மூலநிரல் கையில் இல்லை என்றால், உங்கள் நிரலையும் பழைய ஸ்ட்ரிங்குக்கே கொண்டுபோக, _GLIBCXX_USE_CXX11_ABI என்ற மேக்ரோவை 0 என்று வைத்துக் கம்பைல் செய்யலாம்.

இந்த எரரைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். இது வராமல் இருந்திருந்தால் நிரல் இணைந்து, ஓடும்போது நினைவகத்தைக் கெடுத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வாரக் கணக்கில் ஆகும்.

கேள்வி: என்எம் ஓட்டியதை டிமேங்கிள் செய்தால் ஒரே கன்ஸ்ட்ரக்டர் இரண்டு முறை வருகிறது. எதை நீக்குவது?

எதையும் நீக்காதீர்கள். நானும் இதை முதல்முறை பார்த்தபோது, இரண்டு ஃபைலில் எழுதிவிட்டோமோ என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். மேங்கிள் ஆன பெயரைப் பாருங்கள்: ஒன்றில் சி1, மற்றதில் சி2. முழு ஆப்ஜெக்டைக் கட்டுவது சி1. இன்னொரு கிளாஸின் பேஸ் பகுதியாக இருக்கும்போது கட்டுவது சி2. விர்ச்சுவல் பேஸ் இல்லாத கிளாஸில் இரண்டும் ஒரே முகவரியிலேயே இருப்பது வழக்கம். டிஸ்ட்ரக்டரில் டி0, டி1, டி2 என்று மூன்று வரலாம். டி0 என்பது டிலீட்டையும் சேர்த்துச் செய்வது.

இதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: சந்தேகம் வந்தால் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவி படிக்கச் சுலபமாக்கும்போது சில விவரங்களை விட்டுவிடுகிறது.

கேள்வி: ‘வீடேபிள் இல்லை’ என்று லிங்கர் சொல்கிறது. வீடேபிளை நான் எங்கே எழுதுவது?

நீங்கள் எழுத வேண்டியதில்லை. வீடேபிள் என்பது விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல், அதைக் கம்பைலரே உருவாக்கும். கிளாஸில் உள்ள விர்ச்சுவல் ஃபங்ஷன்களில், இன்லைனும் இல்லாத, பியூர் விர்ச்சுவலும் இல்லாத முதல் ஃபங்ஷனின் உடல் எந்த ஃபைலில் இருக்கிறதோ அங்கேதான் கம்பைலர் வீடேபிளை வைக்கும். அதற்கு உடல் எழுத மறந்திருப்பீர்கள், அல்லது அந்த ஃபைலை பில்டில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள்.

கேள்வி: பெயரை லாகிலிருந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தால் அப்படியே திருப்பித் தருகிறது.

ஓரத்தில் ஒரு கமா ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் அது முழுவதையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். லாகை பைப் வழியாக அனுப்புங்கள். வரிக்குள் பெயர்களை மட்டும் கண்டெடுத்து மாற்றி, மீதியை உள்ளபடியே விட்டுவிடும்.

கேள்வி: டைப்ஐடியின் நேம், இன்ட்டுக்கு வெறும் ஐ என்று தருகிறது. இதை ஃபில்ட்டில் போட்டாலும் ஐ-தான்.

சின்ன டி (-t) ஆப்ஷனைச் சேருங்கள், இன்ட் என்று வரும். அதை இயல்பாகவே இயக்கி வைக்காததற்குக் காரணம் உண்டு. ஏ என்ற பெயரில் உங்கள் ஃபங்ஷன் ஒன்று இருந்தால் அதையும் ‘சைன்ட் கேர்’ என்று மாற்றிவிடும்.

நிரலுக்குள்ளேயே செய்ய வேண்டும் என்றால் சிஎக்ஸ்எக்ஸ்ஏபிஐ ஹெடரில் சிஎக்ஸ்ஏ_டிமேங்கிள் இருக்கிறது. பஃபர் கொடுக்காமல் அழைத்தால் அதுவே மேலாக் செய்து தரும், அதை நீங்கள்தான் ஃப்ரீ செய்ய வேண்டும். ஸ்டேட்டஸ் 0 என்றால் சரி, -2 என்றால் அது செல்லுபடியாகும் பெயரே இல்லை.

கேள்வி: விண்டோஸ் பெயர்களுக்கும் இதுவே போதுமா?

போதாது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் பெயர்கள் கேள்விக்குறியில் தொடங்கும், இலக்கணமே வேறு. அதற்கு விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் அண்ட்நேம் வேண்டும். மேக்கில் விதி நமதேதான், ஆனால் முன்னால் ஓர் அடிக்கோடு கூடுதலாக இருக்கும். மாறவில்லை என்றால் அந்த ஓர் அடிக்கோட்டை எடுத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.