தலைப்பு கேட்டீர்கள், தீவு தருகிறேன்

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பேத்தியிலிருந்து எழுபது தாண்டிய நான் வரை எல்லோரும் படிக்கிறவர்கள். 'தன்னம்பிக்கை', 'நட்பு', 'விடாமுயற்சி' எனத் தலைப்பு வாரியாக, ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு புத்தகம் வீதம் பட்டியல் போட்டுத் தர முடியுமா?

பதில்: முடியும். செய்யப் போவதில்லை.

'விடாமுயற்சி' என்று சொல்லிக் கையில் கொடுத்த புத்தகத்தை எந்தக் குழந்தையும் முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடும். கடைசியில் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிந்துபோன பிறகு நடுவில் இருக்கும் நூறு பக்கத்தை எதற்காகப் படிப்பது? நமக்கும் அதே அலுப்புதான். என்ன, நாம் மரியாதைக்காகப் படித்து முடித்துவிடுவோம். குணத்தைத் தலைப்பாக வைக்காதீர்கள், ஒரு பொருளை வையுங்கள். கிணறு, ரயில், நாய், கடிதம், எதுவானாலும் சரி. ஒரே பொருளைப் பற்றி எழுதியவர்கள் கட்டாயம் ஒருவரோடொருவர் முரண்பட்டிருப்பார்கள். வீட்டில் பேச விஷயம் அங்கேதான் கிடைக்கும்.

இந்த முறை தீவை எடுத்துக்கொள்வோம்.

டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' வெளிவந்தது 1719-இல். குழந்தைகளுக்காக எழுதப்பட்டதே அல்ல. கப்பல் உடைந்து 28 ஆண்டுகள் தீவில் கிடந்தவன் அவன். வந்த புதிதில் கணக்கப்பிள்ளை மாதிரி இரண்டு பத்தி பிரித்து, இந்தப் பக்கம் தனக்கு நேர்ந்த கெட்டது, அந்தப் பக்கம் நல்லது என்று வரவு செலவு எழுதிப் பார்க்கிறான். நீங்கள் வாங்கும் சுருக்கப் பதிப்பில் இந்த இடம் இல்லையென்றால் வேறு பதிப்பு தேடுங்கள். வருடக்கணக்கில் மனித முகம் காணாதவன் ஒருநாள் மணலில் ஒரு காலடித் தடத்தைப் பார்க்கிறான். சந்தோஷப்பட வேண்டாமா? பயந்துபோய் ஓடி வந்து தன் கோட்டைக்குள் பதுங்குகிறான். அன்றிரவு தூக்கமே இல்லை. தடமும் ஒன்றே ஒன்றுதான். "இன்னொரு கால் எங்கே?" என்று பேத்தி கேட்பாள். விமர்சகர்களும் கேட்டுப் பார்த்த கேள்விதான் அது. நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள்.

தான் காப்பாற்றிய மனிதனிடம் "உன் பேர் என்னப்பா?" என்று குரூசோ கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை கிடைத்தவன், ஆகவே ஃப்ரைடே. அடுத்த வேலையாக, தன்னை 'எஜமான்' என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் தூர்னியே 1967-இல் இந்தக் கதையை அப்படியே திருப்பிப் போட்டார். அவருடைய நாவலில் ஃப்ரைடேதான் வாத்தியார். 1971-இல் அதையே இளம் வாசகர்களுக்காகச் சுருக்கி மறுபடியும் எழுதினார். ஒரே வீட்டில் நீங்கள் ஒன்று, பிள்ளைகள் மற்றொன்று என்று படித்துவிட்டுக் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பாலன்டைன் 1857-இல் எழுதிய 'பவளத் தீவு' கதையில் மூன்று ஆங்கிலேயப் பையன்கள் தீவில் ஒதுங்கி, கொஞ்சமும் குறைசொல்ல முடியாதபடி நடந்துகொள்கிறார்கள். வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியர்; பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்குத் தெரியும். அதே ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களை எடுத்து 1954-இல் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' எழுதினார். அதில் பையன்கள் பையன்களையே வேட்டையாடுகிறார்கள். பதினாலு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். வயது பற்றி நான் தரும் எச்சரிக்கை இது ஒன்றுதான்.

இதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தியது நம் 'மணிமேகலை'. அதில் மணிபல்லவம் என்ற தீவு வருகிறது. ஆபுத்திரன் கையில் இருப்பது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பஞ்சத்தில் வாடும் சாவக நாட்டுக்குப் போகலாம் என்று கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் கப்பல் நிற்க, இவன் இறங்க, ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் போடுவதற்கு ஆள் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, தான் உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். ஒன்றுமில்லாமல் கரையேறி எல்லாம் சேர்த்துக்கொண்ட குரூசோவையும், எல்லாம் இருந்தும் தனக்கு மட்டும் எதற்கு என்று கிடந்த இவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே காப்பியத்தில் சாதுவன் என்ற வணிகனும் கப்பல் உடைந்து, மனிதரைத் தின்னும் நாகர்களின் மலையில் ஒதுங்குகிறான். எப்படிப் பிழைத்தான் தெரியுமா? அவர்கள் பாஷை அவனுக்குத் தெரிந்திருந்தது. எஜமான் வேலை பார்க்க அவனுக்கு நேரமில்லை.

சின்னவளுக்கு மாரிஸ் சென்டாக் 1963-இல் எழுதி வரைந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்'. ஒரு பையன் படகேறி விநோத மிருகங்கள் வாழும் இடத்துக்குப் போய்த் திரும்பும் கதை. படம்தான் அதிகம், எழுத்து சொற்பம். உங்களுக்கு டூவே யான்சனின் 'தி சம்மர் புக்' (1972). ஒரு குட்டித் தீவில் பாட்டியும் பேத்தி சோஃபியாவும். இந்தப் பாட்டி சிகரெட் பிடிப்பவர், பேத்தியோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பவர். அந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை என்பதை ஆசிரியர் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

வயது வாரியாகப் பிரிக்க நான் மறுப்பதற்கு இன்னொரு சாட்சி, 'புதையல் தீவு'. 1881-இல் ஸ்டீவன்சன் மனைவியின் மகனான பள்ளிச் சிறுவனோடு உட்கார்ந்து வரைந்த ஒரு வரைபடத்தில் பிறந்த கதை அது. அத்தியாயங்களை வீட்டில் வாசித்துக் காட்டியபோது அறுபதைத் தாண்டிய அவருடைய அப்பாவும் வந்து சிக்கிக்கொண்டார். கடற்கொள்ளையன் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பட்டியல் போடவே அந்த அப்பாவுக்கு முக்கால் நாள் பிடித்தது. கதையில் வரும் கொள்ளைத் தலைவன் ஃபிளின்ட்டின் கப்பலுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

இவற்றில் தமிழில் கிடைக்காதவற்றை ஆங்கிலம் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்லட்டும். 'மணிமேகலை'க்கு உரையோடு கூடிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முழுவதையும் முதல் மூச்சில் படித்தாக வேண்டியதில்லை. ஆபுத்திரன் 14-ஆம் காதையில், சாதுவன் 16-ஆம் காதையில். அந்த இரண்டை மட்டும் நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.