முதலில் பிளேயர், அப்புறம் கமெண்டேட்டர் என்கிறான் மகன்

வணக்கம் அம்மா. கொடுங்கையூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கும் தம்பி, பெரம்பூர் பக்கம் ஒரு ஸ்னூக்கர் (குச்சியால் பந்துகளை அடித்து மேஜையின் குழிகளில் விழவைக்கும் ஆட்டம்) பார்லரே கதி என்று கிடக்கிறான். கேட்டால், "முதலில் பிளேயர் ஆவேன், அப்புறம் டிவியில் கமெண்டேட்டர் ஆவேன், வெளிநாட்டில் எல்லோரும் அப்படித்தான்" என்கிறான். அவன் அப்பாவோ, குச்சியை உடைத்துப் போட்டுவிடுவேன் என்கிறார். தயவுசெய்து உடைக்க வேண்டாம். தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

அவன் மனதில் இருப்பது ஸ்னூக்கர் ஆட்டக்காரர் டெனிஸ் டெய்லர் மாதிரி ஒரு வாழ்க்கையாக இருக்கலாம். 1985 உலகப் போட்டி இறுதி ஆட்டம், டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் ஆளுக்கு 17 ஃபிரேம் (ஒரு சுற்று ஆட்டம்) ஜெயித்துச் சமநிலையில். கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் டெய்லர் ஜெயித்தார். நள்ளிரவு தாண்டியும் பிரிட்டனில் ஒரு கோடியே 85 லட்சம் பேர் டிவி முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வென்ற ஒரே உலகப் பட்டம் அதுதான். பிறகு பல ஆண்டுகள் பிபிசியில் வர்ணனை செய்தார். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரியும் பின்னாளில் மைக் பிடித்தார்.

ஆனால் அந்த வர்ணனையாளர் நாற்காலிகள் எங்கே போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 1969-ல் பிபிசி, கலர் டிவியின் அழகைக் காட்ட 'பாட் பிளாக்' என்ற ஸ்னூக்கர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பந்துகள் உருண்டதால் கலர் டிவிக்கு இது தோதான விளையாட்டு. அங்கிருந்து டிவியும் ஸ்னூக்கரும் சேர்ந்தே வளர்ந்தன. அதனால்தான் அங்கே வர்ணனையாளர் வேலை என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் டிவி வளர்த்தது கிரிக்கெட்டை, கொஞ்சம் கபடியை. தமிழ் வர்ணனை வேலையும் அங்கேதான் இருக்கிறது. ஆட்டம் பிறந்தது 1875 ஜபல்பூரில், விதிகள் உருவானது நம் ஊட்டியில் என்பதெல்லாம் பெருமைதான். பெருமை சம்பளம் தராது.

பிளேயர் பக்கம் பணம் எப்படி என்று அப்பா கேட்பார். உலகப் போட்டியில் ஜெயித்தால் 5 லட்சம் பவுண்ட். ஆனால் தரவரிசைப் பட்டியலின் அடியில் இருப்பவர்களுக்குப் பயணம், தங்கும் செலவு போக மிஞ்சுவது சொற்பம். தொழில்முறை டூரில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான போட்டித் தொடரில், நுழைந்தால் பொதுவாக இரண்டு வருட கார்டு, அதாவது ஆடும் அனுமதி, கிடைக்கும். அது முடியும்போது தரவரிசையில் முதல் 64 இடங்களுக்குள் இல்லையென்றால் மறுபடி தகுதிப் போட்டி. பெரும்பாலான நாட்கள் பிரிட்டனில் இருந்தாக வேண்டும். மும்பையின் ஆதித்யா மேத்தா அப்படிப் போராடித்தான் 2013 இந்தியன் ஓபன் இறுதி ஆட்டம் வரை வந்தார்.

தம்பி தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் டெய்லர் இல்லை, கிளைவ் எவர்ட்டன். இவரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். உலகத் தரவரிசையில் இவர் எட்டிய உயரம் 47. ஆனால் 1971-லேயே 'ஸ்னூக்கர் சீன்' பத்திரிகையை ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அதற்கு ஆசிரியராக இருந்தார். நாளிதழ்களுக்கு எழுதினார். 1978-லிருந்து பிபிசியில் வர்ணனை. 2024-ல் அவர் இறந்தபோது, அந்த ஆட்டத்தின் குரலே போய்விட்டது என்றுதான் ரசிகர்கள் வருந்தினார்கள். கோப்பை அவருக்கு மைக்கை வாங்கித் தரவில்லை. ஆட்டத்தைப் பார்த்து, புரிந்து, பிழையில்லாமல் சொல்லும் பழக்கம் வாங்கித் தந்தது. அதற்கு மேஜை வாடகை கொடுக்க வேண்டியதில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

ஸ்னூக்கர் வர்ணனை என்பது வாய் ஓயாமல் பேசுவதும் அல்ல. ஆட்டக்காரர் குனிந்து குறி பார்க்கும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வர்ணனையாளரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேச வேண்டியது அதற்கு முன்னால்: இந்தச் சிவப்பு விழுந்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும், அங்கிருந்து கறுப்பு போகுமா, போகாவிட்டால் எதிராளிக்கு எப்படி மறைத்து வைப்பார். பார்ப்பவர்களுக்குப் பந்து விழுவது மட்டும் தெரியும். அடுத்த மூன்று ஷாட்டுகளில் என்ன நடக்கும் என்று சொல்வதற்குத்தான் முன்னாள் ஆட்டக்காரரை உட்கார வைக்கிறார்கள்.

இப்போது பார்லர் விஷயம். நீங்கள் கடிதத்தில் தயங்கித் தயங்கி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், "அங்கே பெட் கட்டி ஆடுகிறார்களாம்" என்று. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கவலை. வில்லி தோர்ன் என்று ஒருவர், நல்ல ஆட்டக்காரர், மக்களுக்குப் பிடித்த பிபிசி வர்ணனையாளர். தம்பி கேட்கும் இரண்டு வாழ்க்கையும் அவருக்குக் கிடைத்தன. சூதாட்டம் இரண்டையும் தின்றது. ஜான் பேரட் என்ற ஆட்டக்காரரின் க்யூ (ஆடும் குச்சி) காணாமல் போய்விட்டது என்று தெரிந்ததும், அவர் தோற்பார் என்று 38,000 பவுண்ட் பந்தயம் கட்டினாராம் தோர்ன். பேரட் ஜெயித்துவிட்டார். அந்த ஆட்டத்துக்கு வர்ணனை செய்தவரும் தோர்ன்தான்! அவரே பின்னாளில் சொன்ன கதை இது. 2016-ல் திவாலானார், 2020-ல் இறந்தார். 2023-லும் காசுக்காக ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்தது போன்ற குற்றங்களுக்காகச் சீன வீரர்கள் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் இருவருக்கு ஆயுள் தடை. திட்டாமல், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். பெட் நடக்கும் இடம் என்றால் பார்லரை மாற்றச் சொல்லுங்கள், ஆட்டத்தை விடச் சொல்லாதீர்கள்.

ஆடித்தான் ஆக வேண்டுமென்றால் மாநிலச் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆடட்டும். பார்லரில் நாலு பேரை ஜெயிப்பது கணக்கில்லை. 21 வயதுக்குள் ஜூனியர் பிரிவில் தேசியப் போட்டி வரை போகிறானா என்பது ஒரு நல்ல அளவுகோல். போனால் வழி இருக்கிறது: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் மத்திய அரசுப் பட்டியலில் பில்லியர்ட்ஸ்-ஸ்னூக்கர் உண்டு, ரயில்வேயும் பெட்ரோலிய நிறுவனங்களும் இந்த ஆட்டக்காரர்களை வேலையில் வைத்திருக்கின்றன. நம் பகுதியில் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் விளையாட்டால் வேலைக்குப் போனவரை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, கேரம் ஆடி 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டமே வென்றார். ஆகவே "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்ற பேச்சை அப்பா நிறுத்திக்கொள்ளலாம்.

படிப்பை விடக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. இதழியலோ விஸ்காமோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் கிடைக்கிற பட்டப்படிப்பு போதும். பஸ் செலவும் மிச்சம், பயிற்சிக்கு நேரமும் மிச்சம். கல்லூரி அணி, பல்கலைக்கழகப் போட்டி என்று விளையாட்டுச் சான்றிதழ்கள் சேர்வதும் அங்கேதான்.

வர்ணனைக்கு ஸ்னூக்கருக்காகக் காத்திருக்க வேண்டாம். வியாசர்பாடியில் ஃபுட்பால், தண்டையார்பேட்டையில் கேரம், பொங்கல் நேரத்தில் தெருத்தெருவாகக் கபடி. எல்லாவற்றிலும் மைக் பிடிக்க ஆள் தேடுவார்கள். அங்கே போய் நிற்கட்டும். வீட்டில் ஒரு ஸ்னூக்கர் ஆட்டத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டு, ஒரு ஃபிரேமுக்குத் தமிழில் பேசி செல்போனில் பதிவு செய்யட்டும். அடுத்த நாள் அவனே கேட்டால் எங்கே உளறினோம் என்று தெரிந்துவிடும். நல்ல தமிழோடு ஆங்கிலமும் வேண்டும். விதிப் புத்தகமும் பயிற்சியாளர் வகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

பொதுத் தேர்வு முடியும் வரை மேஜை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேசி முடியுங்கள். தேர்வு முடிந்ததும் மூவரும் வாருங்கள். மார்க் ஷீட்டோடு அவன் பேசிய பதிவுகளில் இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், கேட்டுவிட்டு மேலே பேசலாம்.